நிலம் அசைகிறதா? ரிவர்ஸ்டன் மலைச்சரிவுகளுக்குத் திரும்பும் குடும்பங்களுக்கான பாடம்

நீங்கள் வீடு திரும்பத் தயாராகிறீர்கள். தகரமும் சீமெந்தும் கணக்குப் பார்க்கிறீர்கள். பிள்ளைகளின் பாடசாலைப் புத்தகங்களைக் கட்டி வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் மனதில் ஒரு கேள்வி இருக்கிறது: "அந்த மலை இன்னும் அசைகிறதா?"

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகம் முழுவதையும் உலுக்கியது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மாத்தளை மாவட்டத்தின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீற்றருக்கும் அதிகமான மழை பெய்தது. அந்த நாட்களில் மலைக்குள்ளிருந்து உறுமல் கேட்டதாகவும், தரை அதிர்ந்ததாகவும் பலர் சொல்கிறார்கள். சிலர் அதை நிலநடுக்கம் என்கிறார்கள். இன்னும் சிலர் "நக்கிள்ஸ் மலை பிளக்கிறது, இனி அங்கே இருக்க முடியாது" என்கிறார்கள்.

இந்தப் பாடம் அந்தப் பயத்தைப் பற்றியது. நிலம் ஏன் அசைகிறது, அதை அறிவியலாளர்கள் எப்படி அளக்கிறார்கள், ரிவர்ஸ்டன் பக்கம் உண்மையான ஆபத்து எது, உங்கள் வீட்டில் நீங்களே எதைப் பார்த்து எழுதி வைக்கலாம் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வீட்டிலுள்ள பெரியவர்களும், ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து இருந்து வாசித்தால் நல்லது.

1. நம் காலடியில் இருப்பது என்ன?

பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. இந்தத் தட்டுகள் மிக மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. இலங்கையும் இந்தியாவும் ஒரே தட்டின் மேல் இருக்கின்றன. அந்தத் தட்டு வடகிழக்குப் பக்கமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 செ.மீ. நகர்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகம்தான் அது.

"அப்படியானால் ரிவர்ஸ்டன் மலையும் நகர்கிறதா?" என்று கேட்பீர்கள். ஆம், நகர்கிறது. ஆனால் மாத்தளையும், கண்டியும், யாழ்ப்பாணமும், சென்னையும் அதனுடன் சேர்ந்தே நகர்கின்றன. ஓடும் பேருந்தில் அருகருகே இருக்கும் இருவரைப் போல. பேருந்து எவ்வளவு வேகமாகப் போனாலும் இருவருக்கும் இடையிலுள்ள தூரம் மாறாது. அப்படி நகர்வதால் நிலம் நெரிபடாது. இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று முட்டும் விளிம்பில்தான் நிலம் நெரிபடும்.

நமது தட்டு வடக்கே இமயமலை அடிவாரத்தில் ஆசியத் தட்டை முட்டுகிறது. கிழக்கே அந்தமான், சுமாத்திரா கடலடியில் இன்னொரு தட்டுக்குக் கீழே சொருகுகிறது. உலகின் பெரிய நிலநடுக்கங்கள் பலவும் இப்படிப்பட்ட விளிம்புகளில்தான் வருகின்றன. ரிவர்ஸ்டன் அந்த விளிம்புகளிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிக தூரத்தில் இருக்கிறது.

2. பூட்டிய பிளவு: ஒரு மூங்கிலை வளைத்துப் பாருங்கள்

தட்டுகள் உரசும் இடத்திலுள்ள பெரிய வெடிப்பைப் பிளவு என்கிறோம். பிளவின் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டே போனால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் பல இடங்களில் பாறையும் பாறையும் இறுகிப் பூட்டிக்கொள்கின்றன. தட்டு மட்டும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும்.

செய்து பாருங்கள்: ஒரு மெல்லிய மூங்கில் சிம்பை எடுத்து இரண்டு கையாலும் மெதுவாக வளையுங்கள். முதலில் வளையும். கையை விட்டால் நிமிரும். இன்னும் வளைத்தால் ஒரு கட்டத்தில் "டக்" என்று முறியும். முறிந்த பின் இரண்டு துண்டும் நிமிர்ந்துவிடும். வளைக்கும்போது உங்கள் கை கொடுத்த சக்தி எல்லாம் அந்த ஒரு கணத்தில் வெளியே வருகிறது.

நிலநடுக்கமும் அப்படித்தான். பாறை ஆண்டுக்கணக்கில் வளைகிறது. ஒரு நாள் பூட்டு விடுபடுகிறது. வளைந்திருந்த பாறை நிமிரும்போது எழும் அதிர்வுதான் நாம் உணர்வது.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். இமயமலையைக் குறுக்காக எடுத்தால் நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. நெருங்குகிறது. பிளவு முழுவதுமாகப் பூட்டியிருந்தால் 100 ஆண்டுகளில் 200 செ.மீ., அதாவது 2 மீற்றர் அளவு நகர்வு கடனாகச் சேர்கிறது. அந்தக் கடன் என்றோ ஒரு நாள் தீர்க்கப்பட வேண்டும். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் வந்த 7.8 அளவு நிலநடுக்கத்தில் அந்தக் கடனில் ஒரு பகுதி தீர்ந்தது. சில விநாடிகளில் காத்மண்டு பகுதி ஏறத்தாழ 1 மீற்றர் மேலே உயர்ந்தது. ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள்.

2004 டிசெம்பர் 26 நமக்கு மறக்காது. சுமாத்திராவிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலடிப் பிளவு விடுபட்டது. சுமாத்திராவுக்கு அருகிலுள்ள சிமலு தீவின் ஒரு கரை மேலே எழுந்து, பவளப்பாறைகள் கடலுக்கு வெளியே தெரிந்தன. அந்தமானில் போர்ட் பிளேயர் பக்கம் நிலம் கீழே இறங்கிக் கடல் உள்ளே வந்தது. உயர்ந்த கடலடி நீரைத் தூக்கியது. அந்த நீர் சுனாமியாக இரண்டு மணித்தியாலத்தில் நமது கரையை அடைந்தது.

3. நகர்வை எப்படி அளக்கிறார்கள்?

விரல் நகம் வளரும் வேகத்தை மலையில் எப்படி அளப்பது? மூன்று வழிகள் முக்கியமானவை.

முதலாவது, ஜி.பி.எஸ். கையடக்கத் தொலைபேசியில் இருப்பது சில மீற்றர் பிழையுடன் இடத்தைக் காட்டும். ஆய்வுக்கான கருவி பாறையில் இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பதால் சில மில்லிமீற்றர் நகர்வைக்கூடக் காட்டும்.

இரண்டாவது, செய்மதி ரேடார். செய்மதி ஒரே இடத்தின் மேலாகத் திரும்பத் திரும்பப் பறந்து, ஒவ்வொரு முறையும் நிலத்துக்குள்ள தூரத்தை அளக்கிறது. இரண்டு அளவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எந்த இடம் உயர்ந்தது, எது இறங்கியது என்று வரைபடமாகத் தெரியும். ஆனால் அடர்ந்த காட்டின் மேல் இந்த அளவீடு தெளிவாகக் கிடைப்பதில்லை. நக்கிள்ஸ் மலையின் பெரும் பகுதி காடு. அதனால்தான் சரிவில் வாழும் மனிதரின் கண்ணுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

மூன்றாவது, நில அதிர்வுமானி. நாம் உணராத சிறு அதிர்வையும் இது பதிவு செய்யும். கண்டிக்கு அருகே பல்லேகலயில் இருக்கும் நிலையம் உலக வலையமைப்பின் ஓர் அங்கம். நாட்டில் இந்தப் பதிவுகளைப் பார்க்கும் பொறுப்பு புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தினுடையது.

இந்த அளவுகளை வைத்து "மாதிரி" செய்கிறார்கள். அது கணினியில் செய்யும் ஒரு கணக்கு. பிளவு எந்த ஆழம் வரை பூட்டியிருக்கிறது என்று முதலில் ஓர் ஊகம் வைப்பார்கள். அப்படி இருந்தால் மேலே நிலம் எந்தெந்த இடத்தில் எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்கள். பின்பு உண்மையில் அளந்த எண்களுடன் ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் ஊகத்தை மாற்றி மறுபடி கணக்குப் போடுவார்கள். கறிக்கு உப்புப் பார்ப்பது போல, சரிவரும் வரை.

இந்தக் கணக்கு எந்த இடத்தில் கடன் சேர்கிறது, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்லும். எந்த நாளில், எந்த மணிக்கு விடுபடும் என்று சொல்லாது. உலகில் எவராலும் இன்று நிலநடுக்கத்துக்கு நாள் குறிக்க முடியாது. ஆகவே "வரும் வெள்ளிக்கிழமை இரவு பெரிய அதிர்வு வரப்போகிறது" என்று கைபேசியில் ஒரு செய்தி வந்தால், அதை அனுப்பியவர் யாராக இருந்தாலும், அதை நம்ப வேண்டாம். மற்றவருக்கு அனுப்பவும் வேண்டாம்.

4. அப்படியானால் இலங்கையில் நிலநடுக்கம் வராதா?

வரும். ஆனால் அரிதாக வரும், பெரும்பாலும் சிறியதாக வரும்.

ரிவர்ஸ்டன் பாறைகள் மிகப் பழையவை. 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து, மடிந்து, இறுகி உருவானவை. அந்தக் காலத்து மோதலின் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. மலையைக் குறுக்கே வெட்டும் பழைய வெடிப்புகள் பலவற்றின் வழியாகத்தான் இன்று ஓடைகள் இறங்குகின்றன. தழும்பு என்பது ஆறிய காயம். இமயமலையின் பிளவைப் போல அது ஆண்டுதோறும் கடன் சேர்ப்பதில்லை. ஆனால் தட்டின் ஓரத்தில் விழும் அழுத்தம் தட்டின் நடுப்பகுதிக்கும் கொஞ்சம் வந்து சேரும். அதனால் பழைய தழும்பு எப்போதாவது சற்று அசையும்.

2020 ஓகஸ்ட் 29 இரவு கண்டி மாவட்டத்தில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய திகன, ஹாரகம பகுதி மக்கள் அதிர்வை உணர்ந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் இன்னும் சில அதிர்வுகள் வந்தன. எல்லாம் சிறியவை. சுவரில் கீறல் விழுந்த வீடுகள் இருந்தன, உயிரிழப்பு இல்லை.

பழைய பதிவுகளும் உள்ளன. 1615 ஏப்ரல் 14 அன்று கொழும்பில் வந்த நிலநடுக்கத்தில் சுமார் 200 வீடுகள் இடிந்ததாகவும், 2,000 பேர் வரை இறந்ததாகவும் போர்த்துக்கேயர் காலக் குறிப்புகள் கூறுகின்றன.

அளவு எண்களைப் பற்றி ஒன்று தெரிந்திருங்கள். அளவு 2க்கும் 6க்கும் உள்ள வித்தியாசம் மூன்று மடங்கு என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு எண் ஏறும்போதும் வெளியாகும் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு கூடும். 2இலிருந்து 6க்கு நான்கு படி. சக்தி ஏறத்தாழ 10 இலட்சம் மடங்கு. ஆகவே 2 அளவு அதிர்வு ஒன்றைக் கேட்டு வீட்டை விட்டு ஓடத் தேவையில்லை.

ஆனாலும் அலட்சியம் வேண்டாம். 1993 செப்டெம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிராவின் கில்லாரிப் பகுதியில் 6.2 அளவு நிலநடுக்கம் வந்தது. அதுவும் நம்மைப் போலத் தட்டின் நடுவில், "இங்கே வராது" என்று எல்லோரும் நினைத்த இடம்தான். 9,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே மக்களைக் கொன்றது பெரும்பாலும் அவர்களது வீடுகளே: மண் சாந்தில் அடுக்கிய தடித்த கருங்கல் சுவர்களும், அவற்றின் மேல் பாரமான கூரையும். நம் பக்கம் பழைய லயன் அறைகள் சிலவற்றின் சுவர்களும் இப்படிக் கல்லடுக்கிக் கட்டியவைதான். வீட்டைத் திருத்தும்போது இதை நினைவில் வையுங்கள்.

5. ரிவர்ஸ்டனில் நிலம் அசைவது வேறு விதம்

இனி நம் மலைக்கு வருவோம். இரத்தோட்டையிலிருந்து வளைந்து வளைந்து ஏறி, ரிவர்ஸ்டன் கணவாயைத் தாண்டி, பிட்டவல பத்தனை வழியாக இலுக்கும்புறவுக்கு இறங்கும் வீதியை நினைத்துப் பாருங்கள். மேலே செங்குத்துப் பாறை. அதன் கீழே காலங்காலமாக உருண்டு வந்து குவிந்த மண்ணும் கற்களும். அந்தக் குவியலின் மேல்தான் தேயிலையும், ஏலமும், மிளகும், வீதியும், நமது வீடுகளும் இருக்கின்றன.

இந்தக் குவியல் சரிவில் நிற்பதற்குக் காரணம் ஒன்றுதான். மண் துணிக்கைகள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மழைநீர் உள்ளே இறங்கும்போது இரண்டு காரியம் நடக்கிறது. மண்ணின் பாரம் கூடுகிறது. அதைவிட முக்கியமாக, துணிக்கைகளுக்கு இடையில் புகுந்த நீர் அவற்றை விலக்கித் தூக்குகிறது. பிடி தளர்கிறது. அடியிலுள்ள பாறைப் படையும் சரிவின் பக்கமாகவே சாய்ந்திருந்தால், மேலேயுள்ள மண் பலகையில் வழுக்குவது போல வழுக்கும். இதுவே மண்சரிவு.

நீங்கள் கேட்ட உறுமலுக்கும் இதில் விடை இருக்கிறது. பெரும் பாறைகள் உருளும்போதும், மரங்கள் வேரோடு முறியும்போதும், ஓடையில் சேறும் கல்லும் சேர்ந்து இறங்கும்போதும் தரை அதிரும். தூரத்தில் இருப்பவருக்கு அது நிலநடுக்கம் போலவே இருக்கும். பொதுவாக இப்படி வேறுபடுத்தலாம்:

நிலநடுக்கம் மழை, வெயில் பார்த்து வருவதில்லை. சில விநாடிகளில் முடிந்துவிடும். பல கிராமங்களில் ஒரே நேரத்தில் உணரப்படும்.

மண்சரிவு பெரும்பாலும் கடும் மழையின்போதும், மழை விட்ட சில நாட்களுக்குள்ளும் வரும். உறுமல் நீடிக்கும், கூடிக்கொண்டே வரும். ஒரு பள்ளத்தாக்கில் கேட்கும், அடுத்ததில் கேட்காது.

ஆனால் சந்தேகம் வந்தால் ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள். மழைக் காலத்தில் மேலிருந்து உறுமல் கேட்டால் அது மண்சரிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடையையும் பள்ளத்தையும் விட்டுப் பக்கவாட்டில், உயரமான உறுதியான இடத்துக்குப் போங்கள்.

6. உங்கள் வீட்டிலேயே ஓர் அளவை நிலையம்

அறிவியலாளர் பிளவின் இருபுறமும் கருவி வைத்து அளப்பதை நீங்களும் செய்யலாம். வேண்டியவை நான்கு ஆணி, ஓர் அடிமட்டம், ஒரு கொப்பி.

சுவரில் வெடிப்பு இருந்தால் அதன் இருபுறமும் ஒவ்வோர் ஆணி அடியுங்கள். இரண்டு ஆணித் தலைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை மி.மீற்றரில் அளந்து, திகதியுடன் எழுதுங்கள். வீட்டுக்குப் பின்னால் நிலத்தில் வெடிப்பு இருந்தால் ஆணிக்குப் பதிலாக இரண்டு இரும்புக் கம்பி அல்லது உறுதியான முளைகளை ஆழமாக அடியுங்கள். கிழமைக்கு ஒரு தடவை, ஒரே ஆள், ஒரே அடிமட்டத்தால் அளக்கட்டும்.

எடுத்துக்காட்டாக இரண்டு வீடுகளைப் பார்ப்போம்.

முதல் வீடு: 100, 100, 101, 101 மி.மீ. இங்கே மாற்றம் மிகச் சிறியது. அளக்கும்போது ஏற்பட்ட பிழையாகவும் இருக்கலாம். தொடர்ந்து அளக்க வேண்டும்.

இரண்டாவது வீடு: 100, 101, 104, 112 மி.மீ. இங்கே ஒவ்வொரு கிழமையும் கூடிய அளவைப் பாருங்கள்: 1, பின்பு 3, பின்பு 8. வெடிப்பு பெரிதாகிறது என்பது மட்டும் செய்தி இல்லை. பெரிதாகும் வேகமே கூடுகிறது. சரிவு விழுவதற்கு முன் பல இடங்களில் நிலம் இப்படித்தான் வேகம் பிடிக்கிறது. இந்த வீட்டில் இருப்பவர்கள் அடுத்த கிழமை அளப்பதற்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே வெளியேற வேண்டும்.

மூன்று விடயங்களை மறக்க வேண்டாம். அளவு மாறாமல் இருப்பது வீடு பாதுகாப்பானது என்பதற்குச் சான்று ஆகாது. வெடிப்பே இல்லாத சரிவும் ஒரே இரவில் விழலாம். மழை பெய்யும்போது அளக்கப் போகவே கூடாது.

வெடிப்பைத் தவிர இவற்றையும் கவனியுங்கள்:

- கதவு, யன்னல் திடீரென்று இறுகி மூட முடியாமல் போவது
- மின்கம்பம், வேலி, மரம் ஒரு பக்கம் சாய்வது
- வீட்டுக்குப் பின்னாலுள்ள கல் அணை வயிறு தள்ளுவது
- புதிய இடத்தில் ஊற்று கிளம்புவது
- எப்போதும் வரும் பீலித் தண்ணீர் திடீரென நிற்பது, அல்லது சேறாக வருவது
- மழை பெய்தும் ஓடையில் தண்ணீர் குறைவது (மேலே எங்கோ அடைபட்டிருக்கலாம், உடைத்துக்கொண்டு வரும்)

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிராம உத்தியோகத்தருக்கும், தோட்டமாக இருந்தால் தோட்ட நிர்வாகத்துக்கும் உடனே சொல்லுங்கள். சொன்ன திகதியையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் அதே கொப்பியில் எழுதி வையுங்கள்.

7. மழையை அளவுங்கள்

மண்சரிவுக்கும் நாள், மணி குறிக்க முடியாது. ஆனால் நிலநடுக்கத்தில் இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு: மழை முன்கூட்டியே சொல்லிவிடும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவை வைத்தே மண்சரிவு எச்சரிக்கைகளை விடுக்கிறது.

24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. கடந்தால்: விழிப்பாக இருங்கள். வானொலியைக் கேளுங்கள். அறிகுறிகளைப் பாருங்கள்.

100 மி.மீ. கடந்தால்: வெளியேறத் தயாராகுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து, கைவிளக்கு உள்ள பையை வாசலில் வையுங்கள். முதியவர்களையும் கர்ப்பிணித் தாய்மாரையும் முன்கூட்டியே அனுப்புங்கள்.

150 மி.மீ. கடந்தால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. பெய்தால்: வெளியேறுங்கள். அறிவித்தல் வரும் வரை பார்த்திருக்க வேண்டாம்.

அளப்பது இலகு. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, பக்கம் நேரான ஒரு பாத்திரம் போதும். கூரை, மரம் இல்லாத வெளியான இடத்தில் வையுங்கள். தேங்கிய நீரில் அடிமட்டத்தை நிறுத்திப் பாருங்கள். ஏழரை செ.மீ. ஆழம் என்றால் 75 மி.மீ. மழை. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் அளந்து ஊற்றிவிடுங்கள். லயனுக்கு ஒரு பாத்திரம் போதும். அதைப் பார்க்கும் பொறுப்பை ஒரு பிள்ளையிடமும் ஒரு பெரியவரிடமும் கொடுங்கள். இரவிலும் மழை விடாவிட்டால் பெரியவர் எழும்பிப் பார்க்க வேண்டும். மலையகத்தின் பல அழிவுகள் மக்கள் நித்திரையில் இருக்கும்போதே நடந்திருக்கின்றன.

8. "நூறு வருடத்துக்கு ஒரு தடவை" என்றால் என்ன?

"இப்படி மழை நூறு வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். வந்துவிட்டது. இனி நம் காலத்தில் வராது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இது தவறான கணக்கு, ஆபத்தான கணக்கும் கூட.

நூறு வருடத்துக்கு ஒன்று என்றால், ஒவ்வொரு வருடமும் நூறில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். மழைக்குப் போன வருடம் வந்தது ஞாபகம் இருக்காது. அடுத்த வருடமும் அதே நூறில் ஒன்றுதான். இன்று பிறந்த பிள்ளை 30 வயதாகும் வரை அந்தச் சரிவில் வாழ்ந்தால், அந்தக் காலத்துக்குள் ஒரு தடவையாவது அப்படி மழை வர ஏறத்தாழ நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நிலநடுக்க வரைபடங்களும் இதே கணக்கில்தான் செய்யப்படுகின்றன.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். மலை என்ன செய்யக்கூடும் என்பது ஆபத்து. அதனால் உங்களுக்கு என்ன நேரும் என்பது இடர். மலையை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் வீடு எங்கே இருக்கிறது, எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, மழைநீர் எந்த வழியாகப் போகிறது, எப்போது வெளியேறுகிறோம் என்பவற்றை மாற்றலாம். ஆபத்து அப்படியே இருக்க, இடரைக் குறைக்கலாம்.

9. திரும்ப முன் கேட்க வேண்டியவை

வீட்டுக்குள் மறுபடி குடிபுகுமுன் உங்கள் இடத்துக்கு மண்சரிவு இடர் மதிப்பீடு செய்யப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். செய்யும் நிறுவனம் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். கேட்பது உங்கள் உரிமை. பதிலை எழுத்தில் கேளுங்கள். பின்வரும் மூன்று பதில்களில் ஒன்று கிடைக்கலாம்.

"இருக்கலாம்" என்றால்: வீட்டைச் சுற்றிய வடிகான்களை முதலில் துப்புரவாக்குங்கள். கூரைத் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் சரிவுக்குள் இறங்காமல் கானுக்குப் போக வேண்டும். நிலத்தில் தெரியும் வெடிப்புகளைக் களிமண்ணால் அடைத்து நீர் புகாமல் செய்யுங்கள். சுவரில் நீங்கள் அளந்துவரும் வெடிப்பை மட்டும் பூசி மறைக்க வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டி இடம் பெருப்பிக்க வேண்டாம். சரிவின் காலை வெட்டினால் உடம்பு இறங்கி வரும்.

"திருத்தங்களுடன் இருக்கலாம்" என்றால்: என்ன திருத்தம், யார் செய்வது, எப்போது முடியும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதிதாகச் சுவர் எழுப்பினால் கதவு, யன்னலுக்கு மேலாக நான்கு பக்கமும் தொடர்ச்சியாகக் கம்பி வைத்த கொங்கிறீற்றுப் பட்டை போடச் சொல்லுங்கள். பெட்டியைக் கயிற்றால் கட்டியது போல அது சுவர்களை ஒன்றாகப் பிடிக்கும். நிலம் நடுங்கினாலும், சற்று இறங்கினாலும் வெளியே ஓட நேரம் தரும்.

"அங்கே இருக்க முடியாது" என்றால்: இது கேட்பதற்குக் கடினமான பதில் என்று எங்களுக்குத் தெரியும். தாத்தா நட்ட பலா மரம் அங்கே இருக்கிறது. வேலை அங்கே இருக்கிறது. உறவுகளைப் புதைத்த மண் அங்கே இருக்கிறது. ஆனால் 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை நினைத்துப் பாருங்கள். அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை மட்டும் போதாது, போவதற்கு ஓர் இடமும் வேண்டும் என்பதே அந்த நாள் சொன்ன பாடம். ஆகவே மாற்றுக் காணிக்கான உங்கள் பெயர்ப் பதிவை முடியுங்கள். பதிவு இலக்கத்தை எழுதி வையுங்கள். தனியாக அலையாமல் அயல் குடும்பங்களுடன் சேர்ந்து போய்க் கேளுங்கள். பகலில் தோட்ட வேலைக்குப் போய் வந்தாலும், மழை நாட்களில் அங்கே இரவு தங்க வேண்டாம்.

10. நிலம் நடுங்கினால்

உண்மையாகவே நிலநடுக்கம் வந்தால்: வாசல் இரண்டு மூன்று எட்டில் இருந்தால், வெளியே வெளியான இடம் இருந்தால், வெளியேறுங்கள். இல்லாவிட்டால் உறுதியான மேசைக்குக் கீழே குனிந்து, தலையை மூடிக்கொண்டு, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கல் சுவர், கண்ணாடி, அலுமாரி அருகே நிற்க வேண்டாம். நடுக்கம் நின்றதும் அடுப்பை அணைத்து வெளியே வாருங்கள். செங்குத்துப் பாறைக்குக் கீழே கூடி நிற்க வேண்டாம். அதிர்வில் தளர்ந்த கல் பிறகும் உருளும். பின்னதிர்வுகள் வரலாம். ஏற்கெனவே மண் நனைந்திருந்தால் சரிவை விட்டு விலகியே இருங்கள்.

அழைக்க வேண்டிய இலக்கங்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. பொலிஸ் அவசர உதவி 119. சுவசெரிய அம்புலன்ஸ் 1990.

11. வீட்டில் பேசிக்கொள்ள

இந்தக் கேள்விகளை இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒருவரையொருவர் கேளுங்கள்:

- நம் வீட்டில் வெடிப்பு எங்கே இருக்கிறது? யார் அளப்பது?
- இரவு 2 மணிக்கு வெளியேற வேண்டுமானால் எந்த வழியால் போவோம்? அந்த வழியில் ஓடை குறுக்கிடுகிறதா?
- பாட்டியை யார் தூக்குவது?
- பாடசாலை நேரமாக இருந்தால் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள்?
- அயலில் தனியாக இருப்பவருக்கு யார் சொல்வது?

சிமலு தீவைப் பற்றி முன்பு சொன்னோம் அல்லவா? 1907இல் அங்கே ஒரு சுனாமி வந்து பலரைக் கொன்றது. தப்பியவர்கள் அதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நிலம் பலமாக நடுங்கி, கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதுதான் அதன் பொருள். 97 ஆண்டுகள் கழித்து, 2004இல் நிலம் நடுங்கியதும் அந்தத் தீவு மக்கள் மலைக்கு ஓடினார்கள். ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே. அவர்களிடம் கருவி எதுவும் இருக்கவில்லை. பாட்டி சொன்ன கதை இருந்தது.

நீங்கள் அந்த நவம்பர் இரவுகளில் கண்டது, கேட்டது, ஓடிய வழி, தப்பிய இடம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எந்த ஓடை முதலில் கலங்கியது, எந்த மரம் முதலில் சாய்ந்தது என்று சொல்லுங்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் அதை எழுதிவிட்டு, இரண்டாம் பக்கத்தில் இன்றைய திகதியையும் முதல் அளவையும் எழுதத் தொடங்குங்கள்.